ஒன்றுக்கு இரண்டாக ஒரு வைரம்

"கல்லை மாத்தலாமா, வேண்டாமா? அது ஒண்ணைத்தான் கேக்க வந்தேன், சலுவாம்மா."

வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. வலது கையை மேசைமேல் நீட்டிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டில் மரவள்ளி மாவு, நக இடுக்கில் பன்றிக்கொழுப்பு. மோதிர விரலில் ஒரு தங்க வளையம், அதன் உச்சியில் அரைப் பட்டாணி அளவுக்கு ஒரு வைரம். கை அடுப்படியிலிருந்து நேரே வந்திருந்தது. மோதிரம் மட்டும் கோயிலுக்குக் கிளம்பியதுபோலப் பளிச்சென்று இருந்தது.

சலுவா ஃபரா அந்த விரலைப் பார்த்தாள். வைரம் விளையும் இந்த டயமான்டினா ஊரில் நிச்சயமான பெண்ணுக்கு மோதிரம் வலது கையில். பீடத்துக்கு முன்னால் பாதிரியார் மந்திரித்த பிறகுதான் அது இடது கைக்குக் குடிபோகும். இந்த மோதிரம் அடுத்த சனிக்கிழமை குடிபோகப் போகிறது என்பது ஊருக்கே தெரியும். கல்யாணத் துணி எடுத்ததே சலுவாவின் கடையில்தான். முழத்துக்கு முழம் வாதாடி, கடைசியில் ஒரு முழம் இனாமாகவும் கிழித்து வாங்கிப் போனவள் இந்த இடலீனா. பேரம் பேசத் தெரிந்த பெண்களிடம் சலுவாவுக்குத் தனி மரியாதை உண்டு.

கீழே துணிக்கடை, மேலே துப்பறியும் அலுவலகம். தாத்தா லெபனானிலிருந்து ஒரு மூட்டைத் துணியோடு வந்து இறங்கிய காலத்திலிருந்து ஊர் அந்தக் குடும்பத்தைத் துருக்கிக்காரர்கள் என்றே கூப்பிடுகிறது. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது. கீழே துணியை அளப்பதும் மேலே ஆளை அளப்பதும் சலுவாவுக்கு ஒரே தொழில்தான். இரண்டிலும் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும்.

"நகைக்கடைக்குப் போக வேண்டிய கேள்வி வழிதவறி மாடி ஏறிடுச்சு போல" என்றான் ஜுவெனால், ஜன்னலோரத்திலிருந்து. முன்பு முடிவெட்டும் கடை வைத்திருந்தவன். ஊரின் பாதி ரகசியம் அவன் கத்தரிக்கோலுக்கு அடியில் உதிர்ந்தது. மீதிப் பாதிக்காகத்தான் சலுவா அவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தாள்.

"நகைக்கடைக்காரர்தான் மாத்தச் சொல்றாரு" என்றாள் இடலீனா. "அவருதான் எனக்கு மாமனாரா வரப்போறவரு."

"ஒனொராட்டோவா?" ஜுவெனால் சீப்பால் தன் மீசையைத் தடவிக்கொண்டான். "முடி வெட்டிக்கிட்டு, வெட்டின முடியைப் பொட்டலம் கட்டிக் குடு, தலையணைக்கு ஆகும்னு கேட்ட மகராசன்."

"நீ சும்மா இரு. இடலீனா, நீ சொல்லு கண்ணு. எதுக்கு மாத்தணுமாம்?"

"இது சின்னக் கல்லாம். வீட்டுக்கு வர்ற மருமக கையில இதைப் பார்த்தா ஊர் சிரிக்குமாம். இதைப் போல ரெண்டு மடங்கு கல் வச்சுத் தரேங்கறாரு."

"மிச்சக் காசு?"

"ஒரு காசு வேண்டாமாம். இந்தக் கல்லை மட்டும் திருப்பிக் குடுத்தா போதுமாம்."

சலுவா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டாள். அவள் அப்பா கடையில் ஒரு வார்த்தை சொல்வார். ஒருத்தன் இனாமாகக் கொடுக்க வந்தால் முதலில் அவன் கையைப் பார், அப்புறம் உன் பையைப் பார். ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்குபவன் வியாபாரி. இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்குபவன் பைத்தியம், இல்லையென்றால் திருடன். ஒனொராட்டோவுக்குப் பைத்தியம் பிடித்ததாக ஊரில் செய்தி இல்லை.

"அவர் உன்னைப் பத்தி வீட்டுல என்ன பேசுவாரு?"

இடலீனாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாப்பாட்டு மேசையில ஒரே பேச்சுதான். 'திருடன் மகளையே மருமகளா ஏத்துக்கிட்டேன், எனக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க'ன்னு."

ஜுவெனாலின் சீப்பு நின்றது. அவள் அப்பா பென்ட்டோவின் கதை தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. ஜெக்கிட்டின்யோன்யா ஆற்று மணலில் சல்லடை போட்டுச் சலித்தவன். சாப்பாடும் சாமானும் ஒனொராட்டோவுடையது, உழைப்பு பென்ட்டோவுடையது, கிடைக்கிற கல்லில் ஆளுக்குப் பாதி. ஒரு நாள் பச்சைத் தோல் போர்த்திய ஒரு கல் கிடைத்தது. அதைக் கொடுக்கத்தான் ஒனொராட்டோ வீட்டுக்குப் போனான். அன்று சாயங்காலமே போலீஸ் வந்தது. அந்தக் கல்லைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, காட்டாமலே விழுங்கிவிட்டான் என்று ஒனொராட்டோ பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஸ்டேஷன் முற்றத்தில் பென்ட்டோவைக் குந்த வைத்து விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். ஊர் முழுக்க வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கல் வரவில்லை. அப்படியென்றால் விற்றுவிட்டான் என்றார்கள். சிறையிலேயே செத்தான். ஜெபமாலைச் சபையிலிருந்து பெயரை அடித்தார்கள், கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அந்தச் சபைக்குத் தலைவரும் ஒனொராட்டோதான்.

"இப்படிப்பட்ட வீட்டுக்கா வாக்கப்படப் போற?" என்றாள் சலுவா.

"அவரு மகன் லெயான்ட்ரோவுக்காகத்தான். அவன் அப்பா மாதிரி இல்லைன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப அதுதான் எனக்குத் தெரியணும். அந்த வீட்டுல யாருக்கு என்னென்ன தெரியும்னு. கல்யாணத்துக்கு முன்னாடி."

"நீ இன்னும் என்னமோ சொல்லாம வச்சிருக்கே."

"வச்சிருக்கேன். நீங்க முதல்ல உங்க பங்கைக் கண்டுபிடிங்க. ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்ப்போம்."

அவள் படியிறங்கிப் போன பிறகு ஜுவெனால் சொன்னான்: "பேரம் பேசுறா முதலாளியம்மா, உங்ககிட்டயே."

"அதனாலதான் இந்த வேலையை எடுத்துக்கறேன்" என்றாள் சலுவா. "கிளம்பு. கடைக்குப் போறோம்."

*

ஒனொராட்டோ மெய்ரெலெஸின் கடை தலைமைக் கோயிலுக்கு எதிர்ச் சரிவில் இருந்தது. வாசலில் வெயில், உள்ளே இருட்டு. வைரத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பவனை அவருக்குப் பிடிக்காது என்பதால் ஜன்னலை அளவாகத்தான் திறப்பார். ஆள் ஒல்லி, கண்ணில் லென்ஸ் வைத்துவைத்து ஒரு புருவம் நிரந்தரமாக மேலே போயிருந்தது.

சலுவா தன் மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். "இதைக் குடுத்துட்டு இதைவிடப் பெருசா ஒண்ணு வேணும்."

அவர் எடுத்தார். முகம் சுளித்தார். தோல் துண்டால் துடைத்தார். திரும்பவும் சுளித்தார்.

"என்ன துருக்கிக்காரம்மா, இதைப் போட்டுக்கிட்டு வெண்ணெய் கடைஞ்சீங்களா? வைரத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள சிநேகம் தெரியாதா உங்களுக்கு? சமையல்கட்டைக் காட்டினாலே போதும், ஒட்டிக்கும். காலையில கழுவினா சாயங்காலம் மங்கிடும்."

"அழுக்கைப் பாக்காதீங்க, கல்லைப் பாருங்க."

"பார்த்தேன். பழைய வெட்டு. வயித்துல ஒரு மேகம். ஓரத்துல ஒரு கீறல்."

"கீறல் உங்க லென்ஸுல."

"இருந்துட்டுப் போகட்டும். இதை வச்சுக்கிட்டு இதே அளவுல ஒண்ணு வேணும்னா, மேல பாதி விலை போட்டுத் தரணும் நீங்க."

"ரெண்டு மடங்கு அளவுல இனாமாத் தருவீங்கன்னு வந்தேன்."

ஒனொராட்டோ சிரித்தார். சிரிப்பதிலும் சிக்கனம், ஒரு பக்கத்து உதடு மட்டும். "வைரத்துல தர்மம் கிடையாதும்மா. என்னைப் பெத்தவளே வந்து கேட்டாலும் தராசுதான்."

"மருமக கேட்டா?"

உதடு இறங்கியது. லென்ஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார், திரும்ப எடுத்தார், திரும்பப் போட்டார்.

"அது வேற சங்கதி. அது செத்துப்போன என் பொண்டாட்டியோட கல்லு. ராசியில்லாதது. அவ ஒரு நாள்கூடப் போட்டதில்ல. இந்த லெயான்ட்ரோ பய, என்னைக் கேக்காம அவ பெட்டியைக் குடைஞ்சு எடுத்து அந்தப் பொண்ணு விரல்ல மாட்டிட்டான். போன மாசம் சாப்பாட்டு மேசையிலதான் நான் பார்த்தேன்."

"பட்டறைக்கு அனுப்பினா அவங்க மாத்திக் குடுத்துடுவாங்களே."

"பட்டறை வேண்டாம்." குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. அதை இருமலால் மூடினார். "வேற யாரும் தொட வேண்டாம். நான்தான் கழட்டணும்."

வெளியே வந்து சரிவில் இறங்கும்போது ஜுவெனால் சொன்னான்: "வைர மோதிரம் வச்சிருந்தும் போடாம செத்த பொம்பளை. என் பொண்டாட்டிக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக் குடுத்தேன், தூக்கத்துல கழட்டினாக்கூட எண்ணிப் பாத்துட்டுத்தான் மறுபடி தூங்குவா."

சலுவா கல்பாவிய தெருவின் நடுவில் நின்று தன் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒனொராட்டோ துடைத்துக் கொடுத்த கல். இன்று காலையில்தான் வீட்டில் கோழிக்கு மசாலா தடவினாள், அவர் துடைத்தும் கொழுப்பு போகாமல் மங்கிக்கிடந்தது. ஒரு வேளைச் சமையலுக்கே இப்படி.

"ஜுவெனால், அந்தப் பொண்ணு என்ன தொழில் பண்றா?"

"என்ன கேள்வி இது? சீஸ் உருண்டை சுட்டு விக்கிறா. பொழுது விடிஞ்சா கொழுப்பும் மாவும்தான். இந்த ஊர் தொப்பையில பாதி அவ வளர்த்தது."

"அப்புறம் அவ மோதிரம் எப்படி அப்படி மின்னுச்சு?"

ஜுவெனால் இடலீனா வீட்டுப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தான். 

*

இடலீனாவின் அடுப்படியில் முழங்கை வரை மாவு. மரவள்ளி மாவில் உருக்கிய கொழுப்பை ஊற்றி, துருவிய பாலாடைக்கட்டியைப் போட்டு, யாரையோ கழுத்தை நெரிப்பதுபோலப் பிசைந்துகொண்டிருந்தாள். மோதிரத்தைக் கழற்றவில்லை. மாவுக்குள் போய் வெளியே வந்த ஒவ்வொரு தடவையும் அது ஒரு துடைப்பில் பளிச்சிட்டது.

சலுவா அவள் கையைப் பிடித்து, கல்லின்மேல் கட்டைவிரலால் கொழுப்பைத் தேய்த்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியால் ஒரு முறை துடைத்தாள். சுத்தம்.

"மாத்தலாமா வேண்டாமான்னு என்கிட்ட கேட்டியே. இதை ஏற்கெனவே மாத்தியாச்சு. வைரமா இருந்தா கொழுப்பு இப்படி ஒரே துடைப்புல விட்டிருக்காது. இது கண்ணாடி. யாரு பண்ணினது? லெயான்ட்ரோவா, கிழவரா?"

இடலீனா மாவிலிருந்து கையை எடுத்தாள். முதல்முறையாகச் சிரித்தாள். அழகான சிரிப்புதான், ஆனால் எதிரே நிற்க முடியாத சிரிப்பு.

"நான்தான்."

ஜுவெனால் ஒரு சீஸ் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இதை வெறும் வாயால் கேட்க முடியாது என்பதுபோல.

"நிச்சயமான நாள்லேருந்து தினமும் மங்கும், தினமும் பல் தேய்க்கிற பிரஷ் வச்சுக் கழுவுவேன்" என்றாள் அவள். "கல்லைப் பிடிச்சிருக்கிற ஒரு கொக்கிக்கு அடியில மட்டும் பச்சையா ஒரு புள்ளி. கீரைத் துணுக்குன்னு நெனச்சுத் தேய்ச்சேன், தேய்ச்சேன், போகலை. அப்புறம்தான் புரிஞ்சுது. அது அழுக்கில்ல, தோல். கல்லை வெட்டினவன் எடை குறையாம இருக்க ஓரத்துல கொஞ்சம் தோலை விட்டுட்டு, மேல கொக்கியை வச்சு மறைச்சிருக்கான். எங்கப்பா விளக்கு வெளிச்சத்துல எனக்குக் காட்டின கல்லும்மா அது. பச்சைப் பட்டாணி மாதிரி இருந்துச்சு. என்னைத் தொட்டுப் பாக்கச் சொன்னாரு."



"பச்சைத் தோல் கல்லு இந்த ஆத்துல ஆயிரம் கிடைச்சிருக்கு" என்றாள் சலுவா மெதுவாக. "அதை வச்சு நீ எதையும் நிரூபிக்க முடியாது."

"தெரியும். அதனாலதான் குர்வேலு ஊருக்குப் போய் ஒரு தட்டான்கிட்ட அதை எடுத்துட்டுக் கண்ணாடி வச்சுக்கிட்டேன். அவரு மாத்தச் சொல்லிக் கேட்டப்புறம் இல்ல, முன்னாடியே. அவரு கண்ணு போன மாசம் சாப்பாட்டு மேசையில என் விரல்ல நின்ன விதத்தைப் பார்த்ததுமே. இந்தக் கல்லு எனக்குச் சாட்சி சொல்லாது. அவரு வாய்தான் சொல்லணும்."

"அசல் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"லெயான்ட்ரோவுக்குத் தெரியுமா?"

"அதுதானே எனக்குத் தெரியலை." அவள் திரும்பவும் மாவைப் பிசையத் தொடங்கினாள். "கிழவரைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல. இவனுக்கும் தெரிஞ்சுதான் அம்மா பெட்டியிலேருந்து எடுத்து எனக்கு மாட்டினானா, திருடன் மகளுக்கு அவ அப்பன் திருடினதாச் சொன்ன கல்லையே போட்டுவிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சானா, அது தெரியாம நான் பீடத்துக்கு முன்னாடி கையை நீட்ட மாட்டேன்."

சலுவா யோசித்தாள். நான்தான் கழட்டணும் என்றார் கிழவர். சரி, அவரே கழட்டட்டும். ஆனால் தனியாக அல்ல.

"மாத்திக்கறேன்னு சொல்லிடு. ஒரு நிபந்தனை போடு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம், அன்செல்மோ சாமி முன்னாடி மாத்தணும், புதுக் கல்லை அவர் மந்திரிக்கணும். துணிக்கடைக்காரியையும் கூப்பிடு, அளவு பார்க்க வரான்னு சொல்லு."

"சரி. சீஸ் உருண்டை நான் சுட்டுக் கொண்டு வரேன். வெண்ணெயும் என்னோடது. நீங்க ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"என்ன?"

"ஒரு புட்டி விளக்கெண்ணெய்."

*

ஞாயிற்றுக்கிழமை, ஒனொராட்டோ வீட்டில் கோழியும் வெண்டைக்காயும் முடிந்தது. காப்பி வந்தது. அளவு பார்க்க வந்த சலுவாவும் ஜுவெனாலும் மேசைக் கடைசியில் இருந்தார்கள். இடலீனா கொண்டுவந்த கூடையும் அவள் வீட்டு வெண்ணெய்க் கிண்ணமும் மேசைக்கு நடுவே இருந்தன. சுடச்சுட ஒவ்வொரு உருண்டையாகப் பிளந்து, கத்தியால் வெண்ணெய் தடவி, அவளே மாமனாரின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். காசில்லாமல் வந்த பண்டத்தை ஒனொராட்டோ மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"பாருங்க சாமி" என்றார் அவர், வாய் நிறைய. "திருடன் மகள். ஆனா கை என்ன பக்குவம். நான் பெரிய மனசு பண்ணி ஏத்துக்கிட்டது வீண் போகலை."

அன்செல்மோ சாமி தட்டைப் பார்த்தார். ஊருக்குப் புதியவர், நாளாக நாளாகத்தான் விருந்து வைப்பவர்களை எதிர்க்கும் தைரியம் வரும். லெயான்ட்ரோ காதுவரை சிவந்தான். "அப்பா, அந்தப் பேச்சு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"உண்மையைச் சொன்னா உனக்கு ஏண்டா வலிக்குது? கொண்டாம்மா மோதிரத்தை."

இடலீனா கழற்றிக் கொடுத்தாள். விரலில் வெள்ளையாக ஒரு வளையத் தடம் மட்டும் நின்றது.

ஒனொராட்டோ ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு லென்ஸை மாட்டினார். சின்னக் குறடை எடுத்தார். மோதிரத்தில் நாலு கொக்கி. அவர் முதலாவதைத் தொடவில்லை. இரண்டாவதையும் தொடவில்லை. மோதிரத்தைச் சுழற்றி, உள்பக்கத்து முத்திரையை அடையாளம் வைத்துக்கொண்டு, நேரே மூன்றாவது கொக்கிக்குப் போய் அதை மட்டும் நிமிர்த்தினார். சலுவா அந்தக் குறடையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கட்டு வித்தைக்காரன்கூட இவ்வளவு குறி பார்த்து எடுக்க மாட்டான்.

அவர் பார்த்தார். லென்ஸைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். அவசரமாக நாலாவதை நிமிர்த்தினார், பிறகு மற்ற இரண்டையும். நெற்றியில் வியர்வை கோத்துக்கொண்டது. கல் உருண்டு மேசைத்துணியில் விழுந்தது.

"பச்சை எங்கே?" என்றார்.



"என்ன பச்சை, ஐயா?" என்றாள் சலுவா, காப்பியை ஆற்றிக்கொண்டே.

"இங்கே இருந்துச்சு. இந்தக் கொக்கிக்கு அடியில. இது அந்தக் கல்லு இல்ல."

"இது கண்ணாடி. எந்த வைர வியாபாரியும் கையில எடுத்ததுமே 'ஐயோ, கண்ணாடி'ன்னு கத்தியிருப்பான். உங்க கண்ணுக்கு அதுகூடப் படலை. நேரா பச்சைப் புள்ளியைத் தேடினீங்க. அதுவும் மூணாவது கொக்கியில."

"என் பொண்டாட்டி கல்லு. எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதைத்தான் நானும் சொல்றேன்." சலுவா கோப்பையை வைத்தாள். "எதுக்கு அந்தம்மா அதை ஒரு நாளும் போடலைன்னு இப்ப புரியுது."

"எனக்குப் புரியலை" என்றான் லெயான்ட்ரோ. அவன் எழுந்துவிட்டிருந்தான். "என்ன பச்சை, அப்பா?"

"ஆத்துல பச்சைக் கல்லு ஆயிரம் இருக்குடா. நீ உக்காரு. அசலை எங்கே வச்சிருக்கே, திருட்டு நாயே?" கடைசி வார்த்தை இடலீனாவுக்கு.

இடலீனா இன்னொரு உருண்டையைப் பிளந்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. "உங்க தட்டுலதான் வச்சேன், மாமா. ஒரு உருண்டைக்குள்ள. நீங்கதான் மெல்லாமலே முழுங்கறீங்களே."

ஒனொராட்டோவின் கை வயிற்றுக்குப் போனது. தானாகவே போனது. தட்டில் மிச்சமிருந்த துணுக்குகளை விரலால் நசுக்கிப் பார்த்தார். கூடையைக் கவிழ்த்தார், உருண்டைகளைப் பிய்த்தார். ஒன்றுமில்லை.

"அந்தக் கல்லு என்ன விலை போகும்னு தெரியுமாடி உனக்கு? வெட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தெருவை வாங்கியிருக்கலாம். பென்ட்டோ கையிலேருந்து அதை நான்..."

நின்றார். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே மேசைமேல் விழுந்து உருண்டுகொண்டிருந்தது.

"சொல்லுங்க" என்றார் அன்செல்மோ சாமி. அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில். "பென்ட்டோ கையிலேருந்து?"

"சாமி, நான் சொல்ல வந்தது..."

"கண்ணால்கூடப் பார்க்கலைன்னு நீங்க பைபிள்ல கை வச்சுச் சத்தியம் பண்ணினதா இந்த ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. பார்க்காத கல்லு அவர் கையிலேருந்து உங்களுக்கு எப்படி வந்தது?"

ஜுவெனால் கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்தான். மேசைக்கு நடுவே, காலிக் கூடைக்குப் பக்கத்தில், பூச்சாடியை வைப்பதுபோலப் பவ்வியமாக வைத்தான். "நல்ல சரக்கு. ஸ்டேஷன்ல அன்னிக்கு ஊத்தினது இவ்வளவு சுத்தம் கிடையாது."

விளக்கெண்ணெய்ப் புட்டியை ஒனொராட்டோ பார்த்தார். அவர் முகத்தில் பயம் வந்தது, அவமானம் வந்தது, இரண்டையும் தள்ளிக்கொண்டு கடைசியில் பேராசை வந்து உட்கார்ந்தது. சலுவா பிறந்ததிலிருந்து வியாபாரிகளைப் பார்த்தவள். அந்த மூன்றும் பேரம் பேசிய விதமும், எது ஜெயித்தது என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இடலீனா அவரைப் பார்க்கவில்லை. லெயான்ட்ரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இன்னும் வெண்ணெய்க் கத்தி. அவள் இந்த விருந்துக்கு வந்ததே இந்த ஒரு பார்வைக்காகத்தான் என்று சலுவாவுக்கு அப்போது தோன்றியது.

லெயான்ட்ரோ அப்பாவைப் பார்த்தான், மேசைமேல் கிடந்த கண்ணாடித் துண்டைப் பார்த்தான், இடலீனாவின் விரலில் இருந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தான்.

"அம்மா சாகறதுக்கு முன்னாடி, 'அந்தப் பெட்டியில இருக்கறதை உரியவங்ககிட்ட சேர்த்துடு'ன்னு சொன்னாங்க" என்றான். "கட்டிக்கப் போறவளுக்குன்னு நான் நெனச்சேன். அதான் இவகிட்ட குடுத்தேன்." ஒரு மூச்சு விட்டான். "தெரியாமலே சரியான ஆளுகிட்டதான் குடுத்திருக்கேன்."

பிறகு சூப் கரண்டியை எடுத்தான். புட்டியின் மூடியைத் திருகித் திறந்து, கரண்டி வழிய ஊற்றினான்.

"அப்பா, வாயைத் திறங்க."

"டேய், நான் உன்னைப் பெத்தவன்."

"அவரும் ஒருத்தியைப் பெத்தவர்தான். திறங்க."

ஒனொராட்டோ சாமியைப் பார்த்தார். சாமி ஜன்னலுக்கு வெளியே கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தது.

"சாயங்கால ஜெபத்துக்கு நீங்க வரணும்" என்றார் சாமி, திரும்பாமலே. "சபைத் தலைவரா வந்து, சபை முன்னாடி, இப்ப சொல்ல ஆரம்பிச்சதைச் சொல்லி முடிக்கணும். முடிக்கலைன்னா நான் முடிப்பேன். பென்ட்டோவைக் கல்லறைச் சுவருக்கு உள்ளே கொண்டு வர்ற வேலையை நாளைக்கே தொடங்கறோம்."

"சாயங்காலம் எப்படி சாமி?" ஒனொராட்டோ வாயைத் துடைத்துக்கொண்டார். "எண்ணெய் குடிச்சிருக்கேன்."

"கடைசி வரிசையில, கதவோரமா உக்காருங்க."

*

ஜுவெனாலின் வண்டு வடிவப் பழைய கார் சரிவில் நின்றிருந்தது. இடலீனா வாசலை விட்டு வரும்போது கையில் வெண்ணெய்க் கிண்ணம். "எங்க வீட்டுக் கிண்ணம், விட்டுட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஆள்காட்டி விரலை வெண்ணெயின் அடி வரை விட்டுத் துழாவி, கட்டியாக ஒன்றை வெளியே எடுத்தாள்.

மஞ்சளாக, மங்கலாக, துடைக்கத் துடைக்க வழுக்கிக்கொண்டு ஒரு துண்டு. விடாமல் ஒட்டிக்கிடந்த வெண்ணெய்க்கு ஓரத்தில் கடுகில் பாதி அளவு பச்சை.

"துளி மினுக்கம் இல்ல" என்றாள் சலுவா. "அசல்தான்."

ஜுவெனால் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். "அவர் மூக்குக்கு முன்னாடியே இருந்துச்சா? கத்தி கொஞ்சம் ஆழமாப் போயிருந்தா?"

"கத்தியை நான்தானே பிடிச்சிருந்தேன், அண்ணே."

சலுவா கைக்குட்டையை நீட்டினாள். "நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. மாத்தலாமா, வேண்டாமா?"

இடலீனா கல்லைக் கைக்குட்டையில் முடிந்தாள். மேலே ஜன்னலில் லெயான்ட்ரோ தெரிந்தான். கையில் கரண்டியோடு, இரண்டாவது தடவைக்குப் புட்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம். ரெண்டையுமே மாத்த வேண்டாம்."

"ரெண்டையுமா?"

"கல்லையும், அவனையும்."

ஜுவெனால் சாவியைத் திருகினான். வண்டி இருமியது. அவனுக்கு மனசு கேட்கவில்லை, முடிவெட்டும் கடையில் எத்தனையோ தலையைத் தடவிக்கொடுத்த கை அது.

"ஓடிப்போய்க் கிழவர்கிட்ட சொல்லிட்டு வந்துடட்டுமா, கல்லு வயித்துல இல்லன்னு? பாவம், ராத்திரி முழுக்கத் தேடுவாரு."

இடலீனா விரலில் மிச்சமிருந்த வெண்ணெயை நக்கினாள்.

"எங்கப்பாகிட்ட யாராவது ஓடி வந்து சொன்னாங்களா, அண்ணே? வண்டியை எடுங்க."